ரெண்டு விசில்

மடக்மடக்கென்று குடிக்காதீங்க தம்பி. கொஞ்சம் கொஞ்சமாகக் குடிங்க. ஒரு பாட்டிலை ஒரே மூச்சில் கவிழ்த்தால் வாந்திதான் வரும்.

ஸ்கேனுக்குத்தானே? இந்த பெஞ்சில் இருக்கிற எல்லாரும் அதற்குத்தான். தண்ணீரைக் குடிக்கணும். முட்டுகிற வரைக்கும் உட்கார்ந்திருக்கணும். முட்டினதும் எழுந்து போய்ச் சொல்லணும். மூத்திரப் பை நிறைந்திருந்தால்தான் உள்ளே இருக்கிறது படத்தில் தெரியுமாம். கதவுகிட்டே நீலச் சேலை கட்டி நிற்கிறதே, அந்த அம்மா, "முட்டிருச்சா?" என்று இருபது பேர் காதுபடக் கேட்கும். கூச்சப்பட்டால் இங்கே காரியம் நடக்காது.

எனக்கா? எனக்கு இன்னும் முட்டலை.

மூணாவது பாட்டில்தான். அதையெல்லாம் எண்ணாதீங்க.

நான் டிரைவர். கவர்மெண்டு பஸ். முப்பத்தோரு வருஷம். திண்டுக்கல்லில் ஏறி உட்கார்ந்தால் குமுளியில்தான் இறங்குவேன். நாலு மணி நேரம். தேனியில் பத்து நிமிஷம் வண்டி நிற்கும், எல்லாரும் இறங்கி ஓடுவார்கள். நான் சீட்டை விட்டு அசைய மாட்டேன். அடக்குகிறதில் என்னை மிஞ்ச டெப்போவில் ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லலை. பழகின உடம்பு, லேசில் முட்டாது. அதனால்தான் லேட்.

உங்களுக்கு என்ன வயசு? ஐம்பத்தி நாலா. சின்ன வயசுதான். கூட யாரும் வரலையா? சம்சாரம் சீட்டு வாங்கப் போயிருக்காங்களா. சரி. வந்துடுவாங்க.

எனக்கு யாரும் வரலை. சம்சாரம் போய் ஆறு வருஷம் ஆச்சு. பையன் திருப்பூரில். கேட்டால் லீவு போட்டு வருவான். கேட்கலை. சொல்லவும் இல்லை. என்னவென்று சொல்கிறது? இதெல்லாம் போனில் சொல்கிற சமாச்சாரமா?

இந்தா, என் பேரைத்தான் கூப்பிடுது. பால்ச்சாமி. "இன்னும் இல்லம்மா. அடுத்த ஆளை விடுங்க."

விடட்டும். எனக்கு அவசரமில்லை. எனக்கு நோவும் இல்லை, நொடியும் இல்லை. நான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது ஒரு ஆள் சொன்ன பொய்யால். பொய்யே சொல்லாத ஆள். பத்தொன்பது வருஷத்தில் ஒரே ஒரு பொய். அதையும் என்னைச் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

என் வண்டிக் கண்டக்டர். சூசைமாணிக்கம் என்று பேர். வத்தலக்குண்டுக்காரன், நானும் அங்கேதான். பத்தொன்பது வருஷம் ஒரே ஜோடி. டெப்போவில் அப்படி அமையாது. ரெண்டு வருஷத்தில் சண்டை போட்டு ஆளை மாற்றிக் கேட்பார்கள். நாங்கள் கேட்கலை. சிநேகமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவன் என் முதுகுக்குப் பின்னால், நான் ரோட்டைப் பார்த்து. அதில் என்ன பேச்சு இருக்கு? விசில்தான் பேச்சு. ஒரு விசில் என்றால் நிறுத்து. ரெண்டு விசில் என்றால் கிளம்பு. அவன் ரெண்டு கொடுத்து நான் கிளம்பாமல் இருந்ததில்லை. கொடுக்காமல் கிளம்பினதும் இல்லை. இடப்பக்கக் கண்ணாடியை நான் பார்க்கவே மாட்டேன். அவன் ரெண்டு அடித்தால் படியில் யாரும் தொங்கலை என்று அர்த்தம்.

அவனுக்கு நான் 'டிரைவரே'. எனக்கு அவன் 'கண்டக்டர்'. பேர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது.

கடைசி ரெண்டு வருஷ சர்வீசில் அவனுக்கு ஒரு பழக்கம் வந்தது. தேவதானப்பட்டி தாண்டி ஒரு வளைவு, அதில் ஒரு புளியமரம். அங்கே வந்ததும் ஒரு விசில். வண்டி நிற்கும். ஐயா இறங்கி மரத்துக்குப் பின்னால் போவார். போனால் சீக்கிரம் வரமாட்டார். நான் ஹாரனைப் போட்டு அழுத்துவேன். "யோவ் கண்டக்டர், நான் வண்டிக்கு டீசல் ஊத்துறேன், நீ ரோட்டுக்குத் தண்ணி ஊத்துறியா?" என்று கத்துவேன். வண்டியே சிரிக்கும். தினம் நிற்கிறது தெரிந்து அங்கே ஆள் ஏற ஆரம்பித்துவிட்டது. காய்கறிக் கூடைக்காரம்மா ஒன்று, "கண்டக்டர் மரம் ஒண்ணு குடுப்பா" என்று அவன்கிட்டயே டிக்கெட் கேட்டது. கொடுத்தான். சிரித்துக்கொண்டேதான் கொடுத்தான்.

சுகர் என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் சுகர்தானே.

ரிட்டயர் ஆன பிறகு காலையில் பஸ் ஸ்டாண்டில் சந்திப்போம். பெஞ்சில் உட்கார்ந்து ஆறே கால் குமுளி வண்டி நேரத்துக்கு வருகிறதா என்று பார்ப்போம். வந்தால் "வந்துருச்சு" என்பான். லேட் ஆனால் "லேட்" என்பான். அவ்வளவுதான் பேச்சு. ஏழு மணிக்கு எழுந்து அவரவர் வீட்டுக்குப் போவோம். என் சம்சாரம் போன பிறகு ஒரு நாளைக்கு நான் பேசினது அந்த வார்த்தைகள்தான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றலை.

குடிங்க. பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தால் வயிறு நிறையாது.

நாலு வருஷம் ஆச்சு. தை மாசம். பென்ஷனர் சங்கத்தில் முகாம் போட்டார்கள். அறுபது தாண்டின ஆம்பளைகளுக்கு இலவசப் பரிசோதனை. கண்டக்டர் ரெண்டு பேர் பேரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, "நாளைக்குப் போறோம் டிரைவரே" என்றான். என்னைக் கேட்கலை. சரி, பிரஷர் பார்ப்பார்கள், சுகர் பார்ப்பார்கள், போவோம் என்று போனேன்.

வாசலில் பேனர். 'ஆண்மைச் சுரப்பிப் பரிசோதனை' என்று கொட்டை எழுத்தில். புராஸ்டேட் என்றே எழுதியிருக்கலாம். யாரோ படித்தவன் தமிழில் எழுதிவிட்டான். எங்க ஊரில் ஆண்மை என்றால் வேற கதை தம்பி. மாசம் ஒரு தடவை பஸ் ஸ்டாண்டு லாட்ஜில் ரூம் போட்டு ஒரு வைத்தியன் உட்காருவான். சுவரெல்லாம் மஞ்ச நோட்டீஸ். அந்த ரூமுக்குப் போகிறவன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு போவான். அந்த மாதிரிப் பேனருக்குக் கீழே பட்டப்பகலில் நிற்கச் சொன்னால்? டெப்போ ஆட்கள் பாதிப் பேர் எதிர்க்கடையில் டீ குடிக்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே வரலை. மெக்கானிக் ஷாஜகான் அங்கிருந்தே, "என்ன டிரைவரே, இந்த வயசுல புதுசா பெர்மிட் எடுக்கப் போறீங்களா?" என்று கேட்டான்.

எனக்கு எப்படி இருக்கும்?

அதோடேதான் உள்ளே போனேன். ஒரு டாக்டர். சின்னப் பையன். மீசைகூட ஒழுங்காக முளைக்கலை. எங்களை வரிசையாக உட்காரவைத்து விளக்கினான். "ஐயா, முதல்ல ரத்தம் எடுப்போம். அப்புறம் ஒவ்வொருத்தரா திரைக்குப் பின்னாடி வந்து ஒருக்களிச்சுப் படுங்க. பின்பக்கமா விரல் விட்டுப் பார்ப்பேன். அரை நிமிஷம்தான். சிலருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமலே இது இருக்கும். சீக்கிரம் கண்டுபிடிச்சா நிறையப் பேருக்குச் சரிபண்ணிரலாம்." நல்லாத்தான் சொன்னான். எனக்கு விரலுக்கு அப்புறம் ஒண்ணும் காதில் ஏறலை.

எழுந்தேன். கண்டக்டர் என் வேட்டியைப் பிடித்தான். "டிரைவரே, உக்காருங்க. ரத்தமாவது குடுத்துட்டுப் போயிருவோம். எனக்கும் பாக்கணும்போல இருக்கு" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். பக்கத்து ஆளுக்குக் கேட்டிருக்காது.

நான் வாசல்வரை போய்விட்டேன். அவன் வரலை. எல்லாரும் பார்க்கிறார்கள். ஷாஜகான் ரோட்டைத் தாண்டி வந்து எட்டிப் பார்க்கிறான். நான் என்ன செய்தேன் தெரியுமா? திரும்பி நின்று, உதட்டைக் குவித்து, ரெண்டு விசில் அடித்தேன்.

ரெண்டு.

ஹாலே சிரித்தது. அந்த டாக்டர் பையன்கூடச் சிரித்தான். கண்டக்டரும் சிரித்தான். சட்டைக்கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டிருந்தான். அதை இறக்கிவிட்டான், பொத்தானைப் போட்டான், எழுந்து வந்தான்.

நல்ல தமாஷ். டெப்போவில் ஒரு மாசம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். 'பத்தொம்பது வருஷம் கண்டக்டர் அடிச்சான், ஒரு நாள் டிரைவர் அடிச்சான்' என்று.

நான் ஒண்ணும் கையைப் பிடித்து இழுக்கலை. அவனாகத்தான் வந்தான்.

எங்கே எழுந்திரிக்கிறீங்க? உட்காருங்க தம்பி. விரல் என்றதும் ஓடுகிறதா? வீட்டுக்குப் போய் என்ன செய்யப் போறீங்க? உட்காருங்க. அரை நிமிஷம்தான். எனக்குப் போன வாரம் பார்த்தார்கள். இங்கேதான், மாடியில். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு தேனியிலிருந்து சின்னமனூர் வரைக்கும் ஸ்டாப் பேரெல்லாம் மனசுக்குள் சொல்லலாம் என்று ஆரம்பித்தேன். வீரபாண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. இதற்குப் போய்.

ஆமாம். இதற்குப் போய்.

ஒன்றரை வருஷம் கழித்து அவனுக்கு முதுகு வலி. கண்டக்டர் என்றால் வரும், நின்று நின்று வரும். நான் தைலம் வாங்கிக் கொடுத்தேன். வலி இடுப்புக்கு இறங்கியது. பஸ் ஸ்டாண்டுக்கு வருவது குறைந்தது. ஒரு நாள் வரலை. ரெண்டு நாள் வரலை. வீட்டுக்குப் போனேன், பூட்டு. மகள் ஜெசிந்தா ஓசூரில் டீச்சர், அது வந்து அவனையும் அவன் சம்சாரத்தையும் கூட்டிப் போய்விட்டதாம். பக்கத்து வீட்டில் சொன்னார்கள். என்கிட்டே ஒரு வார்த்தை சொல்லலை. பத்தொன்பது வருஷம். போகிறேன் டிரைவரே என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? எனக்குக் கோபம். நான் போன் பண்ணலை. அவன் பண்ணினான், ரெண்டு தடவை. எடுக்கலை. அவனாக வரட்டும் என்று இருந்தேன்.

அஞ்சு மாசம் இருந்தேன்.

அப்புறம் சங்கத்தில்தான் சொன்னார்கள். புராஸ்டேட்டில் கேன்சர், எலும்புக்குப் போய்விட்டது என்று. ரத்தத்தில் ஏதோ ஒரு நம்பர் பார்ப்பார்களே, நாலுக்குள் இருக்கணுமாம். அவனுக்கு முன்னூற்றுச் சொச்சம்.

ஓசூர் போனேன். மூணு பஸ் மாறி. கட்டிலில் படுத்திருந்தான். பாதி ஆள்தான் இருந்தான். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவன்தான் கேட்டான். "நம்ம மரம் இருக்கா டிரைவரே?" ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று அதற்கு முந்தின மாசம்தான் வெட்டியிருந்தார்கள். "இருக்கு" என்றேன். "நீங்க போய்ப் பாத்துருங்க டிரைவரே" என்றான். எதை என்று எனக்குத் தெரியும். "உனக்கு வந்தா எனக்கும் வரணுமாய்யா?" என்றேன். சிரித்தான். சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பினேன். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். ரெண்டு விசில் அடிப்பான் என்று நினைத்தேன். உதடு குவியத்தான் குவிந்தது. காத்து வரலை.

போன வருஷம் ஐப்பசியில் போய்ச் சேர்ந்தான்.

"இன்னும் இல்லம்மா! முட்டினா நானே வரேன்." பாருங்க, சும்மா சும்மா கூப்பிடுது.

கண்டக்டரோட முதல் வருஷப் பூசைக்குப் போயிருந்தேன். கோயிலுக்கு வெளியே ஜெசிந்தா வந்து என் பக்கத்தில் நின்றது. "பெரியப்பா, ஒண்ணு கேக்கணும்" என்றது. "அந்த முகாம்ல அப்பாவுக்கு என்னதான் பாத்தாங்க?"

நான் வாசலில் கிடந்த செருப்பைத் தேடினேன்.

"அன்னைக்கு வீட்டுக்கு வந்து, டிரைவரும் நானும் பாத்துட்டோம், ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்லைன்னு சொன்னாரு பெரியப்பா. அம்மாகிட்டயும் சொன்னாரு, எனக்கும் போன் பண்ணிச் சொன்னாரு. அதை நம்பித்தானே நாங்க அப்புறம் எதுவும் பாக்கலை. முதுகு வலிக்குத் தைலம் தேச்சுக்கிட்டு இருந்தோம். ரத்தம் எடுத்தாங்கல்ல?"

"எடுத்தாங்கம்மா" என்றேன்.

"அப்ப எப்படித் தெரியாமப் போச்சு?"

"அது தெரியலைம்மா."

"அந்த டாக்டர் நல்லா இருப்பாரா பெரியப்பா?" என்றது. கத்தலை. சாதாரணமாகத்தான் கேட்டது.

அந்தப் பையன் ஒண்ணும் செய்யலை தம்பி. சீக்கிரம் வந்தால் சரிபண்ணலாம் என்று சொன்னான். விசிலுக்குச் சிரித்தான். அவ்வளவுதான் அவன் செய்தது.

கண்டக்டர் ஏன் அப்படிச் சொன்னான்? செல்லாத டிக்கெட் ஒன்று கிழித்ததில்லை அவன். பாஸ் மறந்து வந்த மச்சினனையே வண்டியிலிருந்து இறக்கிவிட்டவன். டிரைவர் விசில் அடித்தான், எழுந்து வந்துவிட்டேன் என்று பொண்டாட்டிகிட்டே சொல்ல வெட்கமாக இருந்திருக்கும். இல்லை, என்னைத் திட்டுவார்கள் என்று நினைத்தானோ என்னவோ. அப்படி எல்லாம் என்னைக் காப்பாற்றச் சொல்லி நான் கேட்டேனா? அதுதான் எனக்குக் கோபம். பொய்யைச் சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். இப்போது அதற்கு நான்தான் சாட்சி.

ஜெசிந்தாகிட்டே உண்மையைச் சொல்லலாம். சொல்லணும். ரெண்டு தடவை போனை எடுத்தேன். ரிங் போகிறதுக்குள் வைத்துவிட்டேன்.

ராத்திரி மூணு தடவை எழுந்திரிப்பேன். அது தூக்கம் வராததால். அப்படி எழுந்த ஒரு தடவை தோன்றியது. 'டிரைவரும் நானும் பாத்துட்டோம்' என்றுதானே சொன்னான். அதில் அவன் பாதியை இனி ஒண்ணும் செய்ய முடியாது. என் பாதியை நேராக்கலாமே. நான் போய்ப் பார்த்துவிட்டு, ஒண்ணுமில்லை என்று சீட்டை வாங்கிக்கொண்டால் அவன் சொன்னது பாதியாவது நிஜமாகும். அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைக்குப் போன் போடலாம். அதற்காகத்தான் வந்தேன். எனக்கு நோவா நொடியா?

ரத்தம் கொடுத்தேன். நம்பர் வந்தது. பதினொண்ணு.

பதினொண்ணு ஒரு நம்பரா தம்பி? வண்டியை டெப்போவை விட்டு வெளியே எடுக்கிற வேகம். மேலே ஒரு டாக்டரம்மா சொன்னது. "வயசானா அது வீங்கும் ஐயா, வீங்கினாலும் நம்பர் ஏறும், எல்லாம் கேன்சர் இல்ல. ஆனா ஒரு பக்கம் கெட்டியா இருக்கு. ஸ்கேன் பாத்துட்டுச் சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும். பயப்படாதீங்க, நீங்க சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கீங்க." கூட யார் வந்திருக்காங்க என்று கேட்டது. வெளியே நிற்கிறான் என்றேன். யார் நிற்கிறது? ஒருத்தனும் நிற்கலை. வாயில் வந்துவிட்டது.

கெட்டியாக இருக்கிறதாம். இப்போது ஸ்கேன். ஒண்ணுமில்லை என்கிற சீட்டு இந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறதா இல்லையா, யாருக்குத் தெரியும்? இல்லை என்றால் அவன் சொன்னதில் என் பாதியும் போச்சு. அப்புறம் அந்தப் பிள்ளைகிட்டே நான் எதைச் சொல்கிறது?

இருங்க. அந்த அம்மாவே வருது.

"தாத்தா, பன்னண்டரை ஆயிருச்சு. காலைல எட்டரைக்கு வந்தவரு. உங்களுக்குப் பின்னாடி வந்தவங்க பதினாலு பேரு போயாச்சு. உங்களையும் பக்கத்துல இருக்கிறவரையும் பாத்துட்டு மூடிருவோம். இல்லேன்னா அடுத்த செவ்வாக்கிழமைதான். முட்டிருச்சா, இல்லையா?"

கேட்டீங்களா. பதினாலு பேர் என்று எண்ணி வைத்திருக்கிறது.

தம்பி, நீங்க வந்து உட்காரும்போதே முட்டியாச்சு. அதற்கு முன்னாடியே. பத்து மணியிலிருந்து முட்டுது. நாலு மணி நேரம் அடக்குவேன் என்று சொன்னேனே, அது அந்தக் காலம். இப்போது ரெண்டு தெரு தாங்காது. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் மார்க்கெட் சுவர் ஒன்று இருக்கு. தினமும் அங்கே நிற்கிறேன். அவன் மரத்துக்குப் பின்னால் நின்ற மாதிரியேதான். ஹாரன் அடிக்க ஆள் இல்லை.

செவ்வாய்க்கிழமை என்றால் நான் வரமாட்டேன். எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போனால் வரமாட்டேன்.

"வரேம்மா. முட்டிருச்சு. இந்தா வரேன்."

இந்தப் பையைக் கொஞ்சம் மடியில் வைத்துக்கோங்க. கனமில்லை, ஒரு துண்டும் டிபன் டப்பாவும்தான். உங்க சம்சாரம் வந்துட்டாங்கன்னா அவங்ககிட்டே கொடுங்க. இன்னொண்ணு. கூட யாருன்னு அந்த அம்மா கேட்கும். கையை மட்டும் தூக்குங்க. பேச வேண்டாம். உறவு என்னன்னு கேட்டால் நான் பார்த்துக்கிறேன்.

வேட்டியை இறுக்கிக் கட்டிக்கிறேன்.

தம்பி, உங்களுக்கு விசில் அடிக்கத் தெரியுமா? வாயால்தான். உதட்டைக் குவித்து. சத்தமாக வேண்டாம், ஆஸ்பத்திரி. எனக்குக் கேட்டால் போதும். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன், நீங்க பின்னாலிருந்து அடிங்க. ரெண்டு. ஒண்ணோட நிறுத்திடாதீங்க. ஒண்ணு என்றால் நான் நின்றுவிடுவேன்.